கோட்டைத் தாண்டி நின்ற வண்டி

பிப்ரவரி 4

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணன் எழுதுவது. போனில் பேசினால் நீ நடுவில் கேள்வி கேட்பாய், நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். போன மாதம் அப்படித்தானே ஆயிற்று? அதனால்தான் இந்தக் காகிதம். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கேள்வி கேள்.

முதலில், பயப்படாதே. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். போன வியாழக்கிழமை விடிகிற நேரத்தில் பார்சல் எடுக்கக் கிளம்பினேன். குடோனுக்குப் போகிற வழியில் ஆஸ்பத்திரி முனையில் ஒரு சிக்னல் இருக்கிறதே, அங்கே எனக்குச் சிவப்பு. நின்றேன். ரோட்டில் ஈ காக்கை இல்லை. குறுக்கே போகிற பெரிய ரோட்டுக்கு மட்டும் பச்சை எரிந்துகொண்டே இருக்கிறது, அதில் போக ஒரு வண்டி கிடையாது. எனக்கு மாறவே இல்லை. ஒரு டீ குடித்து முடித்திருக்கலாம், அவ்வளவு நேரம். கடைசியில் பொறுமை போய்விட்டது, கிளம்பிவிட்டேன்.

பெரிய ரோட்டைத் தாண்டினேன். எதிர்ப்பக்கத்தில் ஒரு நர்ஸ், டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகிறவர், நடக்கிறவர்களுக்கான பொத்தானை அமுக்கிவிட்டு இறங்கியிருக்கிறார். கடைசி நிமிஷத்தில்தான் பார்த்தேன். பிரேக் போட்டதும் வண்டி சறுக்கி அவர் காலில் மோதிவிட்டது. கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

அடுத்த மாதம் விசாரணை. வேண்டுமென்றே சிவப்பில் போனேன் என்று முடிவானால் லைசென்ஸ் போய்விடும். லைசென்ஸ் இல்லாத கூரியர்காரனை வைத்துக்கொண்டு கம்பெனி என்ன செய்யும்? இப்போதே மானேஜர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. எனக்கு வண்டி ஓட்டுவதை விட்டால் வேறு எதுவும் தெரியாது என்பது உனக்குத் தெரியும்.

கடைசி வருஷ புராஜெக்ட் என்று நீ மோட்டார் சைக்கிளையும் சிக்னலையும் கட்டிக்கொண்டு அழுகிறாயே, அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். சில சிக்னல்கள் பைக்கைப் பார்ப்பதே இல்லை என்று சொன்னாயே, நிஜமா?

அண்ணி உன்னைக் கேட்டாள். ஒழுங்காகச் சாப்பிடு.

அன்புடன்,
அண்ணன்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை ஹாஸ்டல் மாடிப்படியிலேயே நின்று படித்தேன். 'முழங்கையில் சிராய்ப்பு' என்று நீ எழுதினால் அது சிராய்ப்பாக இருக்காது என்பது எனக்குத் தெரியும். டாக்டரிடம் காட்டினாயா?

நிஜம்தான். ரோட்டில் கறுப்பாகத் தார் அடைத்த ஒரு சதுரக் கோடு பார்த்திருப்பாய், வண்டிகள் நிற்க வேண்டிய வெள்ளைக் கோட்டுக்குச் சற்றுப் பின்னால். ரோட்டை அறுத்து உள்ளே கம்பி புதைத்திருக்கிறார்கள். மேலே வண்டி நின்றால் அதன் இரும்பை அந்தக் கம்பி உணரும். உணர்ந்தால்தான் சிக்னல் மாறும், இல்லாவிட்டால் பெரிய ரோட்டுக்கே பச்சையை விட்டுவைக்கும். காரில் இரும்பு நிறைய இருப்பதால் கவலை இல்லை. பைக் என்றால் சில இடத்தில் கம்பிக்குத் தெரியாமலே போகலாம். நீ நின்றது அப்படித்தான் இருக்கும் என்று படிக்கும்போதே தோன்றிவிட்டது. ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் சந்தோஷம். என் அண்ணன் பொய் சொல்லவில்லை!

அந்த முனையையே புராஜெக்டில் சேர்த்துக்கொள்கிறேன் என்று ப்ரொஃபசரிடம் கேட்டேன். மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "சொந்த அண்ணன் கேஸ் இருக்கற சிக்னல் உனக்கு எதுக்கும்மா? ஊர்ல வேற சிக்னலே இல்லையா?" என்றார். கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கியிருக்கிறேன்.

ஒரே கேள்வி. நீ சரியாக எந்த இடத்தில் நின்றாய்?

அந்த நர்ஸ் எப்படி இருக்கிறார்? நீ எழுதவே இல்லையே.

அன்புத் தங்கை,
வாலு

பிப்ரவரி 13

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதத்தை அண்ணியிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இத்தனை நாள் கழித்து அன்றைக்குத்தான் இரண்டு பேரும் ஒழுங்காகத் தூங்கினோம். நீ சின்ன வயதில் ரேடியோவைப் பிரித்துப் போட்டபோது உன்னை முதுகில் சாத்தினேனே, அதற்கு இப்போது வருத்தப்படுகிறேன், போதுமா?

நேற்று விசாரணை அதிகாரியைப் பார்த்துவிட்டு வந்தேன். "சார், அந்த சிக்னலுக்கு பைக் கண்ணுக்கே தெரியாது. என் தங்கச்சி அதைப் பத்திதான் படிக்கறா" என்றேன். அவர் உன் பெயரையும் காலேஜையும் குறித்துக்கொண்டார். விசாரணைக்கு வரச் சொல்லி உனக்கு நோட்டீஸ் வரும். வந்து சொல்லிவிட்டுப் போ, முடிந்தது வேலை.

எங்கே நின்றாய் என்று கேட்கிறாய். சிக்னலில்தான் நின்றேன், வேறெங்கே நிற்பார்கள்?

நர்ஸ் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார், அவர் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே. நான் போய்ப் பார்க்கவில்லை. அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது?

அண்ணன்

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணா,

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த முனைக்குப் போனோம், நானும் என் ரூம்மேட்டும். சிக்னல் ஆபீஸ் இன்ஜினியர் வந்து ரோட்டோரப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு குட்டி விளக்கு. கம்பி வண்டியை உணர்ந்தால் அது எரியும். ரூம்மேட் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் காலேஜ் ஒர்க்‌ஷாப்பிலிருந்து உன் வண்டி மாதிரியே ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தேன்.

முதலில் கோட்டுக்குப் பின்னால், தார்க் கோட்டின் மேல் நிறுத்தினேன். "எரியுது!" என்று கத்தினாள். கொஞ்சம் ஓரமாக நிறுத்தினேன். "எரியுது!" மழைத் தண்ணீர் போகிற பக்கமாகவும் நிறுத்தினேன். "மங்கலா எரியுதுடி!" ஒவ்வொரு முறையும் சிக்னல் எனக்குப் பச்சை கொடுத்தது. எரியக் கூடாது என்று வேண்டிக்கொண்டே ஒரு சோதனை செய்தது இதுதான் முதல் தடவை. இன்ஜினியர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நல்லா வேலை செய்யுதேம்மா, எதுக்கு அழறே என்று கேட்டேவிட்டார்.

அப்புறம் வண்டியைக் கோட்டைத் தாண்டி, நடக்கிறவர்களுக்கான வெள்ளைப் பட்டை மேல் கொண்டுபோய் நிறுத்தினேன். எரியவில்லை. எவ்வளவு நேரம் நின்றும் எரியவில்லை. சிவப்பு சிவப்பாகவே இருந்தது.

அண்ணா, எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தது நீ. "முன்னாடி போய் நில்லு, பச்சை விழுந்ததும் முதல் ஆளா போயிடலாம்" என்று சொல்லிச் சொல்லி என்னைப் பட்டை மேல் நிறுத்த வைப்பாய். அன்றைக்கும் அங்கேதான் நின்றாயா? தயவுசெய்து எனக்கு மட்டுமாவது நேராகப் பதில் சொல்.

நோட்டீஸ் வந்துவிட்டது.

வாலு

பிப்ரவரி 24

வாலு,

ஆமாம். பட்டை மேல்தான் நின்றேன். இப்போது திருப்தியா?

உலகத்தில் எந்த பைக்காரன் கோட்டுக்குப் பின்னால் நிற்கிறான், சொல். பின்னால் நின்றால் பஸ் புகை முழுக்க மூக்கில்தான். லாரிக்காரன் கண்ணுக்கு நாங்கள் தெரியவே மாட்டோம், நசுக்கிவிட்டு என்ன சத்தம் என்று இறங்கிப் பார்ப்பான். என்கூட வேலை பார்த்த ஒருவன் அப்படித்தான் போனான். அதற்குப் பிறகுதான் நான் முன்னால் நிற்கப் பழகினேன். ஏசி ரூமில் உட்கார்ந்து கம்பியைப் பின்னால் புதைத்தவனைக் கேள். என்னை ஏன் கேட்கிறாய்?

நான் நின்றது நிஜம். காத்திருந்தது நிஜம். சிக்னல் மாறாதது நிஜம். இதில் ஒன்றும் பொய் இல்லையே? அதை மட்டும் சொல். 'பைக் நின்றால் இந்த சிக்னல் மாறாமல் போகலாம்' என்ற ஒரு வரி போதும். எந்த இடத்தில் என்று அந்த அதிகாரி கேட்கவே மாட்டார், அவருக்கு இதெல்லாம் புரியாது. நீயாக வாயைக் கொடுக்காதே.

அண்ணி ரெண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. மானேஜர் என் ரூட்டை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார். நீ படிப்பை முடித்துவிட்டு எங்கோ பறந்துவிடுவாய், நான் இங்கே கிடக்க வேண்டியவன். அதை நினைத்துக்கொண்டு வா.

அந்த மீதியையும் சொல்வதாக இருந்தால் வரவே வராதே. உடம்பு சரியில்லை என்று எழுதி அனுப்பிவிடு.

அண்ணன்

பிப்ரவரி 28

அன்புள்ள அண்ணா,

லாரி பற்றி நீ எழுதியது நியாயம். அதைப் படித்துவிட்டு புராஜெக்டையே மாற்றி எழுதினேன். கம்பியை முன்னால் தள்ளிச் சாய்வாகப் புதைக்க வேண்டும், பைக் எங்கே நின்றால் சிக்னலுக்குத் தெரியும் என்று ரோட்டில் ஒரு படம் வரைய வேண்டும். இப்படி இரண்டையும் சேர்த்திருக்கிறேன். எங்கே நிற்க வேண்டும் என்று உன்னிடம் யாருமே சொன்னதில்லை. விசாரணையில் இதையும் சொல்வேன்.

ஆனால் அன்று விடியற்காலையில் உன் பின்னால் லாரி இல்லையே அண்ணா. ரோட்டில் ஈ காக்கை இல்லை என்று நீதானே எழுதினாய்?

உன்னிடம் கேட்காமல் ஒன்று செய்தேன். நர்ஸைப் போய்ப் பார்த்தேன். யார் என்று சொல்லித்தான் உள்ளே போனேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "நான் பச்சையிலதானேம்மா எறங்கினேன்?" என்று கேட்டார். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும், டியூட்டி முடிந்த தூக்கக் கலக்கத்தில் நீதான் அவசரப்பட்டு இறங்கியிருப்பாய் என்கிறார்களாம். கேட்டுக் கேட்டு அவருக்கே இப்போது சந்தேகம் வந்துவிட்டதாம். நான் பாதியைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் சிக்னல் கோளாறு என்று முடிந்துவிடும். அப்புறம் அவருக்கு எரிந்த பச்சையையும் யாரும் நம்பமாட்டார்கள்.

உடம்பு சரியில்லை என்று எழுதிப் பார்த்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன். நான் வருவேன். உனக்கு எதிராகப் பேச வரவில்லை. ஆனால் பேசுவது உனக்கு எதிராகத்தான் போகும், அது எனக்குத் தெரியும். பயமாக இருக்கிறது அண்ணா. லைசென்ஸைவிட, நீ என்னிடம் பேசாமல் போய்விடுவாயோ என்றுதான் பயம்.

ஒரு வரியாவது பதில் போடு.

உன் தங்கை,
வாலு

ஏப்ரல் 11

வாலு,

விசாரணைக்கு முன்னால் நீ போட்ட கடிதத்துக்குப் பதில் போடவில்லை. அதற்குப் பிறகும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். அண்ணி பேனாவைக் கையில் திணித்துவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.

அன்றைக்கு நடந்தது எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. "பைக் நின்னா அந்த சிக்னல் மாறுமா, மாறாதா?" என்று அதிகாரி கேட்டார். "இவர் நின்ன இடத்துல மாறாது சார்" என்றாய். அவர் எழுதிக்கொண்டு, "சரி, உக்காரும்மா" என்றார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நீ உட்காரவில்லை. என்னைப் பார்த்தாய். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. நீ பார்த்துக்கொண்டேதான் சொன்னாய்: "ஆனா அவர் நின்னது கோட்டைத் தாண்டி சார். பின்னாடி நின்னிருந்தா பச்சை வந்திருக்கும். அந்த நர்ஸ் அம்மா மேல தப்பே இல்ல."

ஆறு மாதம் லைசென்ஸ் கிடையாது. சிக்னல் ஆபீசையும் கண்டித்ததால்தான் ஆறு மாதத்தோடு போயிற்று என்று சொல்கிறார்கள். இப்போது அதே கம்பெனி குடோனில் பார்சல் தூக்குகிறேன். ராத்திரி முதுகு விண்ணென்று வலிக்கிறது. நேற்றுவரை எனக்குக் கீழே வேலை பார்த்த பையன்கள் வண்டியில் பறக்கிறார்கள், நான் அதில் பெட்டி ஏற்றிவிடுகிறேன்.

விசாரணை முடிந்து வெளியே வந்தபோது நீ பஸ் ஏறப் போய்விட்டாய். நான் வாசலில் நின்றேன். நர்ஸ் ஊன்றுகோலோடு மெதுவாக வந்தார். நான் ஒதுங்கி வழி விட்டேன். அவர் நின்று, "அது உங்க தங்கச்சிதானே?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. "ஆமாங்க" என்றேன். "எனக்கு இப்பதான் தூக்கம் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னை மன்னித்தாரா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

போன வாரம் அந்த முனையில் நீ சொன்ன மாதிரி ரோட்டில் ஒரு பைக் படம் வரைந்திருக்கிறார்கள். நான் இப்போது நடந்துதானே போகிறேன், தினமும் பார்க்கிறேன். ஒரு பயலும் அதில் நிற்பதில்லை. எல்லோரும் என்னைப் போலவே பட்டை மேல் வந்து நிற்கிறார்கள். "யோவ், பின்னாடி போய்யா, படம் தெரியல?" என்று கத்தினேன். அந்த ஆள் என்னைக் கிறுக்கன் என்று நினைத்திருப்பான்.

புராஜெக்டில் நல்ல மார்க் என்று அண்ணி சொன்னாள். சந்தோஷம். அதையும் உன்னிடமிருந்து நேராகக் கேட்க முடியாமல் போய்விட்டது பார்.

எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. மறைக்க மாட்டேன். நான் தலையை ஆட்டியதைப் பார்த்துக்கொண்டே நீ சொன்னாயே, அதுதான் ஆறவில்லை. நீ சொன்னது சரிதான் என்பதால் கோபம் இன்னும் அதிகமாகிறது, குறைவதில்லை. கோபம் தீர்ந்ததும் வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது எப்போது தீரும் என்று எனக்கே தெரியவில்லை. அதுவரை உன்னை எங்கே போகச் சொல்வது?

லீவு விட்டதும் வீட்டுக்கு வா. நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருப்பேன், முதல் ரெண்டு நாள் பேசமாட்டேன். நீ பாட்டுக்கு இரு.

அண்ணன்