எடை மெஷினுக்குத் தெரியாத குத்து

மார்ச் 3
பார்சல் கிடங்கில் சாப்பாட்டு இடைவேளை. எடை மெஷினைச் சுவரோடு நிமிர்த்தி வைத்து வலக்கையால் ஒரு குத்து விட்டேன். 68 கிலோ! போன மாதம் 41தான். மேற்பார்வையாளர் கத்தினார்: "அது சரக்கு எடை போடவா, உன் கோவத்த எடை போடவா?" கத்தட்டும். குத்துச்சண்டை அணித் தேர்வுக்கு இன்னும் ஆறே வாரம். அடுத்த வருடம் எனக்கு வயது தாண்டிவிடும். இரண்டு முறை என்னைத் தோற்கடித்த நெட்டைக்காரியை இந்தத் தடவை விடுவதாக இல்லை.

மார்ச் 9
71.

மார்ச் 12
குத்துப்பை ஊஞ்சல் மாதிரி ஆடியது. பெருமையாகக் குத்துச்சண்டை மாஸ்டரைப் பார்த்தேன். "குத்துறியா, நின்னுபோன பஸ்ஸத் தள்ளுறியா?" எல்லாரும் சிரித்தார்கள். எரிச்சல் எரிச்சலா வருது.

மார்ச் 13
அக்கா பள்ளியில் இயற்பியல் நடத்துகிறாள். விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டாள். "அடி லூசு, அந்த மெஷின் எடையக் காட்டவே ஒரு நொடி ஆகும். நல்ல குத்து வந்துட்டுப் போனதே அதுக்குத் தெரியாது. நீ சாஞ்சு அழுத்தப் பழகியிருக்க, அவ்வளவுதான்."

ஒரே வேகத்தில் போகிற கை, எவ்வளவு சீக்கிரம் நிற்கிறதோ அவ்வளவுக்கு விசை அதிகமாம். கையும் பையோடு சேர்ந்து பயணம் போனால் பை ஆடும், எதிராளிக்கு வலிக்காது. ஒரு மாசம் வீணாப்போச்சே! மெனக்கெட்டு நானே என்னைக் கெடுத்துக்கிட்டேன். உட்கார்ந்து அழுதேன்.

மார்ச் 15
அக்காவின் போனில் நொடிக்கு 240 படம் எடுக்கலாம்; என் குத்தைப் பிடித்தோம். கையுறை பையில் ஒட்டியிருக்கும் படங்களை எண்ணினோம். பதினான்கு. ஐந்துக்கு வரணும். குதிகாலில் கிளம்பி, இடுப்பு திரும்பி, தோள் வந்து, படுகிற அந்தக் கணத்தில்தான் முஷ்டி இறுக வேண்டும். "அப்பதான் உன் மொத்த உடம்பும் கைக்குப் பின்னால நிக்கும்." பாடம் நடத்துகிற குரல். கடுப்புதான், ஆனால் சரியாகத்தான் சொல்கிறாள்.

மார்ச் 24
ஒன்பது.

ஏப்ரல் 2
ஏழு. தோள் கழன்று விழுந்துவிடும் போல. நாளைக்கும் போவேன்.

ஏப்ரல் 8
ஐந்து! பை ஆடவில்லை, நடுவில் மடங்கியது. மாஸ்டரே வந்து பையைப் பிடித்துக்கொண்டார்.

ஏப்ரல் 14
எழுத்து கோணல்மாணல். இடக்கையால் எழுதுகிறேன். இன்று தேர்வில், இரண்டாம் சுற்றில் என் வலக்கைக் குத்து நெட்டைக்காரியின் முழங்கையில் பட்டது. அவளுக்குக் கொடுத்த அதே விசை எனக்கும் திரும்பி வந்தது. கைக்குள் ஏதோ முறிந்தது. மூன்றாம் சுற்றில் அதே கையை அவள் விலாவில் இறக்கினேன். நடுவர் பத்து எண்ணி முடிக்கும்வரை அவள் எழவில்லை.

அணியில் இருக்கிறேன்! கட்டுப் பிரிக்க ஆறு வாரம், பயிற்சி முகாமுக்கு எட்டு. மாஸ்டர் கேட்டார்: "இடது கை நல்லாத்தானே இருக்கு? திங்கக்கிழமை வந்துடு." சரி என்றேன். அக்கா அவரை முறைத்தாள்.

முதல் வரியைவிட இந்த வரி கொஞ்சம் நேராக வந்திருக்கிறது.