மின்னல் மூட்டிய தீ

ஜூலை 20, ஞாயிறு

கிரின்ஸ்டெட் புதர்வெளியில் மின்னல் மூட்டிய தீயை இன்று அணைத்துவிட்டார்கள். ஆத்திரம் அடங்கவில்லை.

நிலத்தில் ஈரம் இருந்தது. காற்று இல்லை. சுற்றிலும் உழுத மண். இப்படியொரு தீ வந்தால் காவல் நின்று எரியவிடுவது என்பதுதான் புதர்வெளியைப் பராமரிக்கும் எங்கள் குழுவின் திட்டம். எழுதியவன் நான். கிழட்டுப் புதர் எரிந்தால்தான் புதிது முளைக்கும். எரியாவிட்டால் அது காய்ந்து குவிந்து, ஒரு கோடையில் நெருப்பு வீடுகள்வரை வரும்.

தேவாலயத்தில் பூசை முடிந்து அவ்வழியே வந்த நண்பன் அந்தோனி தீயணைப்புப் படையை அழைத்துவிட்டான்.

"நான் போன் அடிக்காட்டி முழுக்கச் சாம்பல், அண்ணை! நீங்கள் என்ன, சோறு வேகட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

படை அதிகாரி என்னிடம் வந்தார். "திட்டம் எழுதியவர் நீங்கள்தானே? எரியவிடலாமா?" என்று டேனிஷில் கேட்டார். பதிலுக்காக உண்மையாகவே காத்து நின்றார்.

"நிச்சயமாகச் சொல்ல முடியாது" என்றேன்.

உடனே தண்ணீரைத் திறந்தார்கள்.

வீடு வரும்வரை அந்தோனியைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன். அவன் படையை வரவழைத்தான், அவ்வளவுதான். தண்ணீரைத் திறக்க வைத்தது என் வாய்.