டிராம் ஓடாத நாள்

மார்ச் 4
அறுபத்து நான்கு. நேற்றும் அதே.

பிணைந்த இரண்டு ஒளித்துகள்களில், அதாவது போட்டான்களில், ஒன்று என்னிடம். மற்றது பாலத்தடியில் ஓடும் பழைய கேபிள் வழியாக அக்கரை ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்யும் ஹால்ஷ்காவிடம் போகிறது. இங்கே மூன்றாவது போட்டானின் நிலை அழிந்து, அங்கே அவளுடையதில் எழ வேண்டும். அறுபத்தேழு சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால்தான் கணக்கு. பிணைப்பே இல்லாமல், இங்கே அளந்து போனில் சொன்னாலே அறுபத்தேழு வரை வந்துவிடும். அதையும் தாண்டாவிட்டால் இரண்டு வருடமாக என்னத்தைக் கிழித்தோம்?

மார்ச் 10
டிராம் போனால் கேபிள் அதிர்கிறது, நிலை குலைகிறது. ஹால்ஷ்கா போனில் சிரிக்கிறாள்: "அஞ்சாம் நம்பர் வந்துட்டான்டி போக்னா. எல்லாம் போச்சு!" எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜூனில் எங்கள் ஒப்பந்தம் முடிகிறது.

மார்ச் 17
டிராம்காரர்கள் வேலைநிறுத்தம். எழுபத்தெட்டு! எழுபத்தெட்டு! எங்கள் தலைவர் புரொஃபசர் விதோல்ட் ரோஜா ஜாம் வைத்த பொன்ச்கி பன்கள் வாங்கி வந்தார்.

மார்ச் 20
"கட்டுரைல தேதியெல்லாம் எதுக்குங்க போக்னா? அன்னிக்கு வந்த நம்பர் போதும்," என்றார் புரொஃபசர்.

ஹால்ஷ்கா விடவில்லை. "டிராம் ஓடுற இரைச்சல்லயும் இது நடக்கும்னுதானே கட்டுரை? இரைச்சலே இல்லாத நாளப் போட்டா அது பொய்டி."

தெரியும். எனக்குத் தெரியாதா? நாற்பத்தாறு வயதில் எங்கே போய் நிற்பது? அட்டவணையில் தேதிப் பத்தியை நானே நீக்கினேன்.

மார்ச் 23
ஹால்ஷ்கா கட்டுரையிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டு வேலையை விட்டுவிட்டாள். "நீயாடி செஞ்ச?" அவ்வளவுதான் கேட்டாள்.

மே 29
கட்டுரை வெளிவந்தது. ஒப்பந்தமும் நீண்டது.

ஜூன் 11
கட்டுரையைப் படித்துவிட்டு ப்ராகிலிருந்து மூன்று ஆய்வாளர்கள் வந்தார்கள். அவர்கள் கண்ணெதிரே ஓட்டினோம். அறுபத்து மூன்று. அறுபத்தைந்து. அறுபத்து நான்கு.

"அப்ப மட்டும் எழுபத்தெட்டு எப்படிங்க வந்துச்சு?" என்றாள் அவர்களில் ஒருத்தி.

"இன்னிக்கு வெயில் ஜாஸ்தி," என்று புரொஃபசர் என்னைப் பார்த்தார். தலையாட்டினால் போதும். ஆட்டத்தான் போனேன் — ஜன்னலுக்கு வெளியே ஐந்தாம் நம்பர் பாலத்தில் ஏறியது. திரையில் எண் சரிந்தது.

"அன்னிக்கு டிராம் ஓடல. தேதிய எடுத்தது நான்தான்." என் வாய்தான் சொன்னது. இன்னும் நம்ப முடியவில்லை.

ஜூன் 15
கட்டுரையைத் திரும்பப் பெறுகிறார்கள். என்னையும் போகச் சொல்லிவிட்டார்கள். ஹால்ஷ்காவுக்கு மூன்று முறை போன் செய்தேன், எடுக்கவில்லை.

அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஐந்தாம் நம்பரில் வீட்டுக்கு வந்தேன். பாலத்தில் வண்டி குலுங்கியது. அந்நேரம் ஆய்வகத்தில் யாரோ திரையைப் பார்த்துத் திட்டியிருப்பார்கள்.