வெறும் வயிற்றோடு வருபவர்களுக்கு

அப்பா,

கடைச் சாவி மாவு டின்னுக்குப் பின்னால் இருக்கிறது. நான் முதல் பஸ்ஸில் ஹாலிஎலவுக்கு, தோட்டத்தில் பெரியாயி அத்தை இருக்கும் லயத்து வீட்டுக்குப் போகிறேன். நானே சுட்ட ரொட்டியும் சம்பலும் கொண்டுபோகிறேன். ஓரம் கொஞ்சம் கருகிவிட்டது.

"ஒன் போனுக்குப் பசிக்காது புள்ள" என்று நேற்று எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். அது இன்னும் காதில் நிற்கிறது. கிளினிக் நாளில் சாப்பிடாமல் வந்து ஆஸ்பத்திரியில் சோதனைக்கு இரத்தம் கொடுப்பவர்கள் நேரே நம் கடைக்குத்தான் வருவார்கள் என்று எனக்கும் தெரியும். நாவலிலிருந்து கண்ணெடுக்காமலே போனில் வந்த ஆர்டர்களையெல்லாம் ஏற்றுக்கொண்டேன். இரத்தம் கொடுத்துவிட்டு வந்த அத்தை நம் கடைப் படியில் மயங்கிச் சரிந்தபோதுதான் ஒரு ரொட்டிகூட மிச்சமில்லை என்று பார்த்தேன்.

ஆனால் அப்பா, ஆள் வரவில்லை, கடையை மூடிவிடலாம் என்று முன்பு நீங்கள்தானே சொன்னீர்கள்? நான் போனில் நம் ரொட்டியின் படம் போட்ட பிறகுதானே ஸ்டேஷனில் இறங்குபவர்கள் நம்மைத் தேடி வருகிறார்கள்? அதை நிறுத்தச் சொல்லாதீர்கள். கிளினிக் நாளில் பத்து மணிக்குப் பிறகே ஆர்டர் எடுக்கும்படி மாற்றிவிட்டேன். தோட்டத்திலிருந்து கிளினிக்குக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று அதற்கு முதல் நாளே வாய்ஸ் மெசேஜ் போட அத்தையின் மருமகளுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு வருகிறேன்.

கடைப் போன் உங்களிடமே இருக்கட்டும். அடித்தால் பயப்படாமல் எடுங்கள்.

கம்சலா

நாவலை ரொட்டிக் கல்லுக்கு அடியில் வைத்துவிடாதீர்கள்.

இரவு நீங்கள் எனக்கென்று ரொட்டி சுட்டு மூடி வைத்திருந்ததைப் பார்த்தேன். எடுத்துவிடாதீர்கள். அத்தை சாப்பிட்டதும் வந்து சாப்பிடுகிறேன்.