கெமிஸ்ட்ரியில் ஒரு கிரேட் குறைந்தது

அக்கா,

இன்று காலை நல்ல மழை. குப்பை வாளியை வெளியே வைக்க உங்கள் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். பைக்குள் ஒரு தொண்டை மிட்டாய், புதினா மணத்தோடு. ஆகஸ்டில் பரீட்சை முடிவுகள் வந்தால், பல்கலைக்கழக அனுமதிப் பிரிவில் நாள் முழுக்கத் தொலைபேசியில் பேசிக் களைத்து, இதை வாயில் போட்டபடிதானே வீட்டுக்கு வருவீர்கள்.

"பிள்ளையளை விடத் தகப்பன்மார்தான் கூடப் போன் எடுக்கினம். அதிலயும் எங்கட ஆக்கள், ஐயோ!" என்று சிரிப்பீர்கள். கேட்ட கிரேட் வராத பிள்ளைகளை அப்படியே தள்ளிவிடுவார்களா என்று ஒருநாள் கேட்டேன். "உனக்கென்ன விசரே? இடம் மிச்சம் இருக்கோ, எந்தப் பாடத்தில குறைஞ்சது, பள்ளிக்கூடம் என்ன எழுதியிருக்கு, எல்லாம் பாத்துத்தான் முடிவெடுக்கிறது" என்றீர்கள்.

இந்த முறை அந்த வரிசையில் நின்றது என் மகள், உங்கள் செல்ல மருமகள். பார்மசி படிக்கக் கெமிஸ்ட்ரியில் ஏ வேண்டும், வந்தது பி. நீங்கள் போய் மூன்றாம் நாள்தான் அவள் அந்தப் பரீட்சை எழுதினாள். "பள்ளிக்கூடத்தில ஒண்டும் சொல்லாதை. செத்தவீட்டைச் சொல்லி இரக்கம் கேக்கிறதோ?" என்று அவளை அடக்கியவன் நான்தான். வீட்டுத் துக்கத்தை வெளியில் காட்ட எனக்கு அப்படி ஒரு வெட்கம்.

போன வியாழன் முடிவு வந்ததும் நானே போனை எடுத்துப் பல்கலைக்கழகத்தைப் பிடித்தேன். விண்ணப்பித்தவரோடு மட்டும்தான் பேசலாம் என்றாள் அங்கே போனை எடுத்த பெண். வழிந்துகொண்டு மகளிடம் கொடுத்தேன். நீங்கள் இருந்திருந்தால் ஒரு மாதம் நக்கலடித்திருப்பீர்கள்.

மகள் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மாடிப்படியில் அப்படியே இருந்துவிட்டாள்.

"இடம் தந்திட்டினம், அப்பா."

அப்பாடா! எப்படி என்று கேட்டேன்.

"இடம் மிச்சம் இருந்ததாம். பள்ளிக்கூடக் கடிதத்தையும் பாத்தவையாம். மாமி செத்ததை நான் டீச்சரிட்டச் சொன்னனான். சொல்லாமல் இருக்க ஏலாமல் போச்சு, அப்பா. ஏசாதேங்கோ."

அவளைக் கட்டிப்பிடித்தேன்.

இன்று பின்னேரம் மீன்கடைக்குப் போனேன். நாலு மாதம் ஊரில் நின்றுவிட்டு வந்திருந்த கடைக்காரர், "அக்கா எங்கை, வரேல்லையோ?" என்றார். வழமைபோல் பேச்சை மாற்றப் பார்த்தேன். முடியவில்லை. "அக்கா போயிட்டா, அண்ணை" என்றேன். உங்கள் செத்தவீட்டில் வராத அழுகை, அத்தனை சனத்துக்கு நடுவில் வந்தது. அவர் கத்தியை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வெட்கமாகவே இல்லை, அக்கா.