ஐந்து தீவும் நாலு சட்டிக் கத்தரிக்காயும்

ஒக்டோபர் 3, வெள்ளி

மழை. பெரிய குளிர் இல்லை.

இன்று சொல்லாதவை:

அம்மாவிடம்: 14ஆம் திகதி எனக்கு நேர்முகத் தேர்வு. கிடைத்தால் பசிபிக்கில், இரண்டு வருடம்.

அப்பாவிடம்: மேற்படி.

மெட்றோவில் என் தோளில் தூங்கியவரிடம்: எழும்புங்கள், நான் இறங்கவேண்டும். (ஒரு தரிப்புத் தள்ளி இறங்கி, நனைந்துகொண்டு நடந்து வந்தேன்.)

வேலை: ஐந்து சிறு தீவு நாடுகள் சேர்ந்து ஒரு பொதுச் செயலகம் தொடங்குகின்றன. மருந்து, கோதுமை மா, டீசல் எல்லாவற்றையும் ஒன்றாக வாங்கி, ஒரே கப்பலில் ஏற்றிப் பங்கிட. இவ்வளவு காலம் நான் ஆய்வேட்டில் எழுதிக்கொண்டிருப்பதை யாரோ உண்மையிலேயே செய்யப்போகிறார்கள். வேண்டும். மிகவும் வேண்டும். எழுதினால் ஆசை கொஞ்சம் அடங்கும் என்று நினைத்தேன். இல்லை.

ஒக்டோபர் 5, ஞாயிறு

வெயில். உடுப்புத் தோய்த்தேன். ஒரு காலுறையைக் காணவில்லை.

மொன்றியலின் மறுகோடி ரொக்ஸ்பரோவிலிருந்து சித்தி போன். அடுத்த ஞாயிறு தாங்ஸ்கிவிங் சாப்பாடு அவர் வீட்டில்.

"ஒருத்தரும் ஒண்டும் கொண்டு வரவேண்டாம். எல்லாம் நான் பாக்கிறன்."

அம்மா போனை வைத்தார். "கத்தரிக்காய் ஒரு பெட்டி வாங்கவேணும்."

போன வருடம்: சித்தி ஒரு சட்டி, அம்மா ஒரு சட்டி, மாமாவைக் கட்டிய மன்னார் றோஸ் மாமி ஒரு சட்டி. மூன்றும் கத்தரிக்காய்க் கறி. ஒவ்வொருவரும் தன் சட்டியிலிருந்து தன் குடும்பத்துக்குப் போட்டு, மிச்சத்தை மூடி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த சட்டியில் ஒருவரும் கரண்டி வைக்கவில்லை.

என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயமே இதுதான். எல்லாத் தீவிலும் தேங்காய், எல்லாத் தீவிலும் மீன், அயல் தீவிடம் வாங்க ஒன்றுமில்லை. மற்றதையெல்லாம் தூரத்து மொத்த வியாபாரியிடம் தனித்தனியாக, சின்ன அளவில், பெரிய விலைக்கு. சேர்ந்து வாங்கினால் மலிவு என்று எல்லோருக்கும் தெரியும். சேருவதில்லை.

யோசனை: இந்த முறை சமையலை நான் பங்கிடுவது. நேர்முகத்துக்கு ஒத்திகை.

ஒக்டோபர் 7, செவ்வாய்

பங்கீட்டைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். சித்தி: சோறு. றோஸ் மாமி: மீன். குணம் மாமா (அப்பாவின் கூட்டாளி, தனி ஆள்): தட்டு, சோடா. அம்மா: கத்தரிக்காய்.

அம்மாவுக்குக் கத்தரிக்காயைக் கொடுத்தது நீதியல்ல. ஆனால் நான் அம்மாவோடு வசிக்கிறேன்.

றோஸ் மாமியின் பதில்: பெருவிரல் படம் ஒன்று.

சித்தி, அம்மாவுக்குப் போனில்: "வீட்டுக்காரி நான். வெறும் சோத்தோட நிண்டால் சனம் என்ன சொல்லும்?"

"சனம் எண்டா நாங்கள்தானே."

"அதைத்தான் அக்கா நானும் சொல்லுறன்."

குணம் மாமா, அப்பாவிடம்: "உம்மட மகள் என்னைத் தட்டுக் காவச் சொல்லியிருக்கிறா. எனக்குச் சமைக்கத் தெரியாதெண்டு ஆர் சொன்னது?"

"நீர்தான். கண்ட நாளிலை இருந்து."

ஆய்வேட்டில் ஒரு அடிக்குறிப்புச் சேர்த்தேன்: சிறு நாடுகள் திட்டத்தை எதிர்ப்பது குறைவு. திட்டத்தில் தமக்கு வந்த பங்கைத்தான் எதிர்க்கின்றன.

ஒக்டோபர் 10, வெள்ளி

காற்று. இலையெல்லாம் வாசலில்.

குளியலறைக் கண்ணாடி முன் நேர்முகப் பயிற்சி. கதவுக்கு வெளியே அம்மா.

"ஆரோட கதைக்கிறாய்?"

"ஒருத்தரோடையும் இல்லை."

"ஒருத்தரோடையும் இல்லாததுக்கு ஏன் இங்கிலீசு?"

இதுதான் சொல்ல நல்ல தருணம் என்று தெரிந்தது. தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

ரொக்ஸ்பரோ. மேசையில்:

அம்மாவின் கத்தரிக்காய், பங்கீட்டின்படி.

றோஸ் மாமியின் மீன், பங்கீட்டின்படி. கூடவே கருவாடு போட்ட கத்தரிக்காய், "சும்மா கொஞ்சம்". சட்டியைத் தூக்க மாமாவும் வேண்டியிருந்தது.

குணம் மாமாவின் தட்டும் சோடாவும். கூடவே அவர் வாழ்க்கையில் முதல் தடவை வைத்த கத்தரிக்காய், கருகியது.

சித்தியின் கத்தரிக்காய். றோல்ஸ். கேக்.

சித்தியின் சின்ன மகள் சட்டி சட்டியாக விரல் நீட்டி, கத்தரிக்காயைப் பிரெஞ்சில் எண்ணினாள். "ஓபெர்ஜீன், ஓபெர்ஜீன், ஓபெர்ஜீன், ஓபெர்ஜீன்."

அம்மா சுற்றிவரப் பார்த்தார். "சோறு எங்க?"

எல்லோரும் சித்தியைப் பார்த்தார்கள்.

"நீ போட்டது சும்மா ஒரு யோசினை எண்டெல்லோ நினைச்சன்," என்றார் சித்தி என்னைப் பார்த்து. "எப்பிடியும் ஆரும் சோறு கொண்டு வருவினம் எண்டு."

சித்தப்பாவுக்குச் சீனி வருத்தம் வந்த பிறகு அந்த வீட்டில் அரிசி வாங்குவதே இல்லையாம். தமிழ்க் கடை தூரம். அப்பா தெருமுனை டெப்பனர் கடைக்குப் போய், இருந்த நீளப் பகெட் பாண் எல்லாவற்றையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார்.

பாணுக்குத் தட்டு எதற்கு? எல்லோரும் மேசையைச் சுற்றி நின்று, பிய்த்து, கை போன சட்டியில் தோய்த்தார்கள். நெரிசலில் எது யார் சட்டி என்று பார்க்க நேரமில்லை. குணம் மாமாவின் கருகலைச் சித்தப்பா புகழ்ந்தார், உண்மையாகவே. அம்மா றோஸ் மாமியின் சட்டியில் தோய்த்தார். மென்றார்.

"உப்புக் கொஞ்சம் கூட."

மறுபடி தோய்த்தார். மறுபடி.

"அப்ப ஏன் மச்சாள் மூண்டாந்தரம்?" என்றார் றோஸ் மாமி.

"கூடத்தானோ எண்டு பாக்கத்தான்."

அம்மாவின் வாய் நிறையப் பாண். இனி இப்படி ஒரு வசதி கிடைக்காது. சொன்னேன். செயலகம், கப்பல், பசிபிக், இரண்டு வருடம், செவ்வாய்க்கிழமை நேர்முகம்.

அம்மா விழுங்கி முடிக்க நெடுநேரம் எடுத்தார்.

"தீவிலை இருந்து தப்பி வந்த சனம் நாங்கள். நீ தேடிப்பிடிச்சுத் தீவுக்குப் போறாய்."

"இதுவும் தீவுதானே," என்றார் அப்பா. "மொன்றியல்."

"இஞ்ச மெட்றோ இருக்கு."

பிறகு அம்மா சமையலறைக்குள் போனார். பாத்திரங்களை முரட்டுத்தனமாகக் கழுவினார். வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போகமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அது அம்மாவுக்கும் தெரியும். அதனால்தான் இவ்வளவு நாளும் நான் சொல்லவில்லை.

வெளிக்கிடும்போது வாசலில் அம்மாவின் குரல் கேட்டது, சித்தியிடம்: "அஞ்சு நாட்டுக்குக் கப்பல் விடப்போறாள் பிள்ளை. ஒரு வீட்டுக்குச் சோறு ஒழுங்குபடுத்தத் தெரியாது."

அது அனுமதி.

றோஸ் மாமி என் கையில் ஒரு கருவாட்டுப் பொதியைத் திணித்தார்.

"மாமி, அங்க சுத்திவரக் கடல்."

"இருக்கட்டும். எங்கட மீன் இராது."

ஒக்டோபர் 14, செவ்வாய்

தூறல். மேலுக்குச் சட்டை, கீழே பிஜாமா.

திரையில் ஐந்து முகம், நாட்டுக்கு ஒன்று. ஐந்து அரசுகளையும் எப்படிச் சேர்ப்பீர்கள் என்று கேட்டார்கள். சுங்க வரி பற்றி ஒரு பதில் மனப்பாடமாக இருந்தது. அதைச் சொல்லவில்லை. எல்லோரிடமும் இருப்பதைப் பங்கிட முயலமாட்டேன், ஒருவரிடமும் இல்லாத ஒன்றிலிருந்து தொடங்குவேன் என்றேன். உதாரணம் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னேன், கருவாடு உட்பட.

ஒருவரும் சிரிக்கவில்லை. முடிந்தது என்று நினைத்தேன். கடைசியில் ஒரு பெண் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்களுக்கு அது சேம்பங்கிழங்கு," என்றார். மற்ற நால்வரும் தம் நாட்டுக் கிழங்குதான் நல்லது என்று தொடங்கிவிட்டார்கள். நேரம் முடிந்து திரை அணைந்தபோதும் கிழங்குதான்.

ஒக்டோபர் 18, சனி

முதல் குளிர். பதில் இல்லை. அம்மா பெரிய சூட்கேஸைக் கட்டிலில் திறந்து வைத்திருக்கிறார். கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்றேன். "கிடைக்காட்டி மூடுறது," என்றார். ஆனால் என் அறைக்கு அளவெடுத்துவிட்டார். தையல் மெஷின் வைக்கப் போகிறாராம்.

ஒக்டோபர் 29, புதன்

வேலை கிடைத்தது.

தலைமையகம் எந்தத் தீவில் என்பதில் ஐந்து நாடுகளும் உடன்படவில்லை. ஒவ்வொன்றும் தன்னிடம் நல்ல கட்டடம் இருக்கிறது என்கிறது. முடிவாகும்வரை அலுவலர்கள் அவரவர் வீட்டிலிருந்தே வேலை செய்யவேண்டும். என் அறையில் தையல் மெஷின். திங்கட்கிழமையிலிருந்து நான் இதே வில்லரே வீட்டில், அம்மாவின் சமையலறை மேசையில்.