சாலையோரத்தில் இல்லாத குழாய்

சிஸ்டர், மருத்துவமனைக்குத் தண்ணீர் கொண்டுவந்த பழைய குழாய் சாலையோரமாகப் போகவில்லை. கட்டடத்துக்குப் பின்னால், செப்டிக் டாங்கியை ஒட்டிப் போகிறது. நேற்றுக் காலை, புதுக் குழாய் போடத் தோண்டிய பள்ளத்துக்குள் நின்றுகொண்டு இளநிலைப் பொறியாளர் சொன்னார். நானும் இறங்கிப் பார்த்தேன். இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் ஈயம் பெயர்ந்து விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. அந்த மண்ணின் நாற்றம் சட்டையோடு வீடுவரை வந்தது. பதினோரு வருடங்களுக்கு முன் அதன் வழியாக என்ன உள்ளே போனது என்பதை இன்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே நானும் சொல்லவில்லை.

நர்ஸாக இருந்த நீங்கள் அந்த ஆபரேஷன் தியேட்டரில் யாரையும் நம்பியதில்லை. செய்தி சேகரிக்க வந்த என்னைக் கதவருகே நிறுத்தி, செருப்பை மட்டுமல்ல, கைக்கடிகாரத்தையும் கழற்றச் சொன்னவர். டாக்டர் கைகழுவி நிமிர்ந்தால் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பீர்கள்.

"இன்னும் ஒரு நிமிஷம் இருக்குது டாக்டர்."

"என் மேலயே சந்தேகமா?"

"உங்க மேல இல்ல டாக்டர், உங்க கை மேல."

அந்த வருட மழைக்காலத்தில்தான் அறுவை செய்துகொண்ட மூன்று பெண்களுக்கு அடுத்தடுத்துப் புண் சீழ் பிடித்தது. அவர்களில் சோரியாங்குப்பத்துப் பெண் வீடு திரும்பவில்லை. கருவிகளைச் சரியாகக் கொதிக்க வைக்கவில்லை என்று எல்லா விரல்களும் உங்கள் பக்கம் நீண்டன. நீங்கள் குழாயைக் காட்டினீர்கள். காலையில் மோட்டார் போட்டதும் தியேட்டர்க் குழாய் முதலில் காற்றாகச் செருமுகிறது, பிறகு நாறுகிறது, அந்தத் தண்ணீரில்தான் டாக்டர் கை கழுவுகிறார் என்றீர்கள். கைகழுவவும் கொதித்து ஆறிய நீர் வேண்டும் என்று முன்பே எழுதிக் கேட்டிருந்தீர்கள். ஸ்டவ்வுக்கு அவ்வளவு மண்ணெண்ணெய் கிடையாது என்று பதில் வந்திருந்தது.

குழாயைச் சோதிக்க ஒருவரை அனுப்பினார்கள். நான்கடி இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி, மேல்முனையில் இருந்த மரக்குமிழில் காதை வைத்துக் கேட்பார். கசிவு இருந்தால் சீறும், வெறும் ஓட்டம் என்றால் மெல்ல இரையும் என்று எனக்கு விளக்கினார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வரைபடத்தைப் பார்த்துச் சாலையோரமாக நடந்து, பத்தடிக்கு ஓர் இடத்தில் கம்பியை ஊன்றினார். நோட்டுப் புத்தகத்தோடு பின்னால் நானும் போனேன்.

"ஒரு சத்தமும் இல்ல. குழாய் நல்லாத்தான் இருக்குது" என்றார்.

கேட்டருகே நின்ற நீங்கள் சிரித்துவிட்டீர்கள். "இன்னாபா, தண்ணி ஓடுற சத்தங்கூடவா இல்ல? அப்ப நீ கேட்டது குழாயயா, மண்ணையா?"

"பிளான்ல இங்கதான் போட்டிருக்குது சிஸ்டர். நீங்க போய் ஊசி போடுற வேலயப் பாருங்க."

"பிளான் கெடக்குது. கட்டடத்துக்குப் பின்னால தோண்டிப் பாரு." என் பக்கம் திரும்பி, "இத்தயும் எழுதுங்க சார்" என்றீர்கள்.

நான் எழுதவில்லை. ஓட்டத்தின் இரைச்சலைப் பற்றி அவர் சொல்லி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. இருந்தும் எனக்கு உறைக்கவில்லை. அவருடைய அறிக்கையில் கையெழுத்து இருந்தது. உங்களிடம் இருந்தது ஒரு கேள்வி. 'குழாயில் பழுதில்லை, கிருமி நீக்கத்தில் கவனக்குறைவு' என்று என் செய்தி வந்தது. அதில் உங்கள் பெயரைப் போடவில்லை என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மருத்துவமனையில் தியேட்டர் நர்ஸ் ஒருவர்தான்.

உங்களைக் காட்டேரிக்குப்பம் பக்கம் மாற்றினார்கள். அதன்பின் எந்தத் தியேட்டருக்குள்ளும் விடவில்லை. ஒருமுறை வில்லியனூர் பஸ்ஸில் என்னைப் பார்த்து நகர்ந்து இடம் கொடுத்தீர்கள். "இன்னா சார், உங்க பேப்பர்ல இப்பவாச்சும் குழா இருக்கிற எடத்துல காத வைக்கிறாங்களா?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போன ஐப்பசியில் உங்கள் சாவுக்கு வந்தபோது கூட்டத்தின் பின்னால் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. 'விசாரித்தோம், ஒன்றும் இல்லை' என்று எந்த அதிகாரி சொன்னாலும், எங்கே நின்று விசாரித்தீர்கள் என்று கேட்கிறேன். பலருக்கு அது பிடிப்பதில்லை.

உங்கள் பணிப்பதிவேட்டில் உள்ள 'கவனக்குறைவு' என்ற குறிப்பை நீக்கச் சொல்லி உங்கள் மகள் மனு கொடுத்திருக்கிறாள். பொறியாளரின் எழுத்துப்பூர்வ அறிக்கை வந்தால்தான் அதை நீக்குவார்களாம். என் திருத்தச் செய்தியையும் செய்தி ஆசிரியர் அதற்காகவே நிறுத்தி வைத்திருக்கிறார். அறிக்கை திங்கட்கிழமை வரும் என்கிறார்கள். பள்ளத்தைச் சனிக்கிழமையே மூடிவிடுவார்களாம். இந்த வரிசை எனக்குச் சரியாகப் படவில்லை, சிஸ்டர். நாளை வெள்ளி. புகைப்படக்காரரைக் காலை ஏழு மணிக்குப் பள்ளத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். உங்கள் மகள் ஆறரைக்கே வந்துவிடுவேன் என்றாள்.